பக்கத்துக்குப் பக்கம் உபயம்

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அண்டாவில் வெட்டியிருக்கும், அதன் மூடியிலும் தனியாக வெட்டியிருக்கும். மூடி மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால்? அதற்காக. சர்க்கரை டப்பாவில் கிடக்கிற கரண்டியின் காம்பில்கூட, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற அளவில் குடும்பத்து விலாசம் இருக்கும். விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை. செட்டிநாட்டில் எங்கள் ஆட்களுக்கு விலாசம் என்றால் முன்னோர் பேர்களின் முதலெழுத்துகள். நாலு எழுத்து, நடுவில் புள்ளி. கல்யாணமாகி அவுகளோடு சைகோனுக்கு வந்து, தாவோ தியென் வட்டாரத்தில் பதினோராவது மாடியில் குடியேறியபோது அந்தப் பாத்திரங்களும் கூடவே வந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு இது சாக்கு இல்லை, ஆனால் அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா?

அவுகளுக்கு மிளகு ஏற்றுமதி. பிள்ளைகள் இரண்டும் இங்கேயே இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்து, மேல்படிப்புக்கு ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் சின்ன வயதுப் படப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார்கள். நாலு அட்டைப்பெட்டி. கெட்டி அட்டை, வழுவழு தாள், பக்கம் முழுக்கப் படம், படத்துக்குள்ளேயே ஒரு ஓரத்தில் ஒரு வரி ஆங்கிலம், அடியில் நல்ல அகலமாக வெள்ளை இடம். வாங்கிய விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். பழைய பேப்பர்காரியிடம் போடவும் மனசு வரவில்லை. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாம், எடைக்கு எப்படிப் போடுவது? துணி அலமாரிக்குக் கீழே வருஷக்கணக்காகக் கிடந்தன.

அப்போது எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கம்போடியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய படப் புத்தகங்கள் வேண்டும், கான் ஹொயில் இன்ன சந்தில் ஒரு பெண் வாங்கிக்கொள்கிறாள் என்று. எனக்கு ஒரு காரியம் கண்ணில் பட்டால் போதும், அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பிறவிக் குணம். "தமிழ் வீடுகளில் இருக்கும் புத்தகத்தையெல்லாம் நானே சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று அரை மணி நேரத்தில் பதில் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மறுநாளே எங்கள் வீட்டு முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கான் ஹொய் பழைய துறைமுகப் பக்கம். கிட்டங்கிகளுக்குப் பின்னால் சந்து சந்தாக வீடுகள், கார் நுழையாது. முனையில் இறங்கி, டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, மோட்டார்பைக்குகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். அவள் வீடு ஒரே அறை. கீழே தையல் மிஷின், மேலே பரணில் படுக்கை. கம்போடியாக்காரி, முப்பது வயது தாண்டியிருக்கும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வியட்நாமியனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள், தைத்துப் பிழைக்கிறாள். என்னை ‘ச்சி’ என்றாள், இங்கே அக்காவுக்கு அப்படி. நான் அவளை ‘எம்’ என்றேன், தங்கை. நாங்கள் பேசிக்கொண்டது பாதி ஆங்கிலம், பாதி வியட்நாமியம், இரண்டு பேருக்கும் இரண்டுமே அரைகுறை. இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"நான் படிச்ச ஸ்கூல், ச்சி" என்றாள். "பாடப் புத்தகத்தைத் தவிர அங்க வேற புத்தகமே கிடையாது. ஒரு ரூம் இருக்கு, அதுல உர மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்க. நான் ஹெட்மாஸ்டர் கால்ல விழாத குறையா கேட்டு வாங்கியிருக்கேன். அவர் ஒண்ணு சொல்லிட்டாரு. ஸ்கூல் தொறக்குற அன்னைக்கு எத்தனை அலமாரி நெறையுதோ அவ்வளவு இடம் எனக்கு, மிச்சம் உரத்துக்கு. எங்கண்ணன் ஆறு அலமாரி செஞ்சு வச்சுட்டான்."

"ஆறுதானே? நிரப்பிடலாம், எம்" என்றேன், பெரிய மனுஷியாட்டம்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து, "இங்க பாருங்க ச்சி, இத நான் என்ன செய்வேன்னா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் காரைத் தனியாக விட்டுவிட்டு வந்த டிரைவர், சந்து முனையில் நிறுத்தவிட மாட்டேன் என்கிறார்கள் என்று முணுமுணுத்தார். "எல்லாம் எனக்குப் புரியுது எம், நீ ஒண்ணும் கவலைப்படாத" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் போதும். கேட்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே!

அடுத்த ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தமிழ்க் குடும்பங்கள் கொடுத்தார்கள் பாருங்கள், அள்ளிக் கொடுத்தார்கள். எல்லார் வீட்டிலும் என் வீட்டுக் கதைதான், போடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது மாடியில் இருக்கும் சென்னைக்கார அம்மா மட்டும் மூன்று பெட்டி கொடுத்தார். ஒரு கீறல் இல்லை, முனை மடங்கவில்லை. கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே, "எங்க பேரு எங்கயாவது வருமா ஆச்சி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க? தர்மத்துக்குப் பேர் என்ன வேண்டிக்கிடக்கு" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

எல்லாப் பெட்டியும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தபோதுதான் எனக்குள் அந்தப் புழு நெளிய ஆரம்பித்தது. ஏறி இறங்கினது நான், கட்டினது நான், கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது நான். அங்கே போன பிறகு இது யார் கொடுத்தது என்று ஒரு ஈ காக்காய்க்காவது தெரியுமா? அவுகளிடம் சொன்னேன். அவுக டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, "ஒரு முத்திரை செஞ்சு குத்திவிடு" என்றார்கள். முதல் பக்கத்தில் மட்டும் குத்துகிறேன் என்றேன். "மொதப் பக்கந்தான் மொதல்ல கிழியும். அண்டாவுக்கு வெட்டுனா மூடிக்கும் வெட்டணுமா இல்லையா?" என்றார்கள். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

மார்க்கெட் பக்கத்தில் ரப்பர் முத்திரை செய்கிற கடையில் கொடுத்தேன். தமிழ் எழுத்து அந்தக் கடைக்காரருக்குப் புதுசு. நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே படம் பிடித்து வெட்டித் தந்தார். மேலே ‘உபயம்’, கீழே எங்கள் விலாசம் நாலு எழுத்து, அதற்கும் கீழே ஹோ சி மின் சிட்டி, சைகோனுக்கு இப்போதைய பேர். ஊதா மை. மூன்று மத்தியானம் உட்கார்ந்து குத்தினேன். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. படத்தின் மேல் ஒரு சொட்டு மை படாமல், பிள்ளைகள் பார்க்கிற படம் கெடக்கூடாது என்று, அடியில் இருந்த அந்த வெள்ளை இடத்தில் நட்ட நடுவாகக் குத்தினேன். சென்னைக்கார அம்மாவின் மூன்று பெட்டியையும் சேர்த்துத்தான் குத்தினேன். கை ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. நான்தானே சேர்த்தேன் என்று மனசு சொல்லிக்கொண்டது.

பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கியபோது அவள் வீட்டில் இல்லை, தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் புருஷன் வாங்கி அடுக்கிக்கொண்டான். பெட்டிகள் முன்னால் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கும்பிடும் கையும் இதயமுமாக வந்து குவிந்தன. அன்றைக்கு முழுக்கக் காலே தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி. "ச்சி, ஒரு தடவை வர முடியுமா? ஒன்று காட்டிக் கேட்க வேண்டும்."

கேட்க வேண்டும் என்பது என் கண்ணில் படவே இல்லை. பாராட்டப்போகிறாள், அங்கிருந்து யாராவது வந்திருப்பார்கள், படம் எடுப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். சொல்ல நாக் கூசுகிறது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அரக்கு பார்டர் போட்ட மயில் கழுத்து நிறம். அந்தச் சந்தில், மீன் வெட்டிக் கழுவின தண்ணீருக்கு நடுவே, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கையில் சீப்புச்சீடை போட்ட எவர்சில்வர் தூக்கு. சந்திலிருந்த பொம்பளைகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

உள்ளே யாரும் வந்திருக்கவில்லை. அவள் மட்டும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் என் முதல் பெட்டி, முத்திரைக்கு முன்னால் கொடுத்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள். படத்துக்கு அடியில், வெள்ளை இடத்தில், நீளமான ஒரு தாள் துண்டு நேர்த்தியாக ஒட்டியிருந்தது. அதில் அவள் கையெழுத்தில் கெமர் மொழி, உருண்டை உருண்டையாகப் பெரிய எழுத்து.

"கதையை எங்க பாஷையில எழுதி ஒட்டுறேன், ச்சி. இல்லைன்னா பிள்ளைங்களுக்கு இது வெறும் படம்தானே? இங்கிலீஷ் வரியை மறைக்கக்கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. ரெண்டும் இருந்தாத்தான் அலமாரிக் கணக்குல சேத்துப்பாராம். நல்லவேளை, எல்லாப் புத்தகத்துலயும் கீழ இந்த எடம் இருக்கு."

அன்றைக்கு டிரைவர் முணுமுணுத்தபோது அவள் சொல்ல வந்தது இதுதான். அவள் இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். சென்னைக்கார அம்மாவுடையது. வெள்ளை இடத்தில் நட்ட நடுவாக ஊதா நிறத்தில் நான்.

"கோவிச்சுக்காதீங்க ச்சி, தெரியாமத்தான் கேக்கிறேன்" என்றாள், ரொம்பத் தணிந்த குரலில். "மொதல்ல, கதையத்தான் உங்க பாஷையில எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா எல்லாப் பக்கத்துலயும் ஒரே எழுத்து, எல்லாப் புத்தகத்துலயும் அதே. இது மந்திரமா ச்சி? பிள்ளைங்களுக்கு நல்லது நடக்கணும்னு போட்டதா?"

அவள் பார்வை என் கையிலிருந்த தூக்கின் மேல் போயிற்று. எழுந்து வந்து, மூடியில் வெட்டியிருந்த நாலு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி மூடியைப் பார்த்தாள்.

"இதுலயும் இருக்கே! அப்ப சாமி பேருதானே?"

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சீடைத் தூக்கோடு, பாராட்டு வாங்க வந்து நிற்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் புடவையோடுதான் சொல்ல வேண்டும். "ஆமா எம், சாமி பேருதான்" என்றேன்.

அவள் அந்தப் புத்தகத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "நெனச்சேன் ச்சி. மேல ஒட்டலாம்னு பாத்தேன், கை வரலை. நல்லவேளை ஒட்டலை" என்றாள். அவளுக்கு ஒரே நிம்மதி. எழுத்தைச் சின்னதாக்கி, சாமி பேருக்கு இரண்டு பக்கமும் மிச்சமிருக்கிற விரல்கடை இடத்தில் எழுதி ஒட்டிவிடுகிறேன், கொஞ்சம் நேரமாகும், ஊருக்கு லாரி போக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சீடையை எடுத்து ஒன்று கடித்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

பொய் சொன்னதுதான் சொன்னேன், "சாமி ஒண்ணும் நெனச்சுக்காது, மேலயே ஒட்டு" என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த நேரத்திலும் என் பேரை மறைக்க எனக்கு மனசில்லை, அதுதான் நிஜம்.

வீட்டுக்கு வந்து அவுகளிடம் சொன்னேன். அவுக விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பரவாயில்லையே, நம்ம விலாசத்தைச் சாமியாக்கிட்டியே!" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கரண்டியை அலம்புகிற தொட்டியில் விட்டெறிந்தேன். அது ணங்கென்று விழுந்து, காம்பில் வெட்டியிருந்த எழுத்து மேலே பார்க்கக் கிடந்தது. அதற்குப் பிறகு எட்டு நாள். எட்டு நாளும் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். பேசத்தான் வாய் இருக்கிறதே தவிர, இதற்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை த்ருவோங் டின் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே வருகிறவர்களில் எங்கள் ஆட்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், மற்றதெல்லாம் வியட்நாமியர்கள். கட்டுக் கட்டாக ஊதுபத்தி ஏற்றுவார்கள், சுவரில் முகத்தை வைத்து அம்மனிடம் குசுகுசுவென்று குறை சொல்வார்கள். அன்றைக்கு வயசான ஒரு வியட்நாமிய அம்மாள் குத்துவிளக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். விளக்கின் அடித்தட்டில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் என்ன வேண்டிக்கொண்டாளோ, கண்ணில் தண்ணீர். அந்த எழுத்து என்ன தெரியுமா? உபயம், இன்னார், இன்ன ஊர். அவ்வளவுதான்.

இதற்கு முன்னாலும் இப்படி யாராவது ஒற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சென்னைக்கார அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தும் இருக்கிறோம். அன்றைக்கு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அர்ச்சனைத் தட்டைக்கூட வாங்காமல் வெளியே வந்து, முதலில் கிடைத்த பைக் டாக்சியில் ஏறி, பாலத்தைத் தாண்டிக் கான் ஹொய்க்குப் போனேன்.

அவள் அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஊசிமுனைப் பேனாவால், எறும்பு அளவுக்கு எழுத்தை எழுதி, நகத்தளவு துண்டுகளாக வெட்டி, என் பேருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டு நாளில் ஒரு பெட்டிகூட முடியவில்லை. தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் ச்சி. அந்தச் சாமி பேரை எப்படிப் படிக்கணும்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் குடுங்க. எங்கண்ணி அங்கதான் டீச்சர். புத்தகத்தைத் தொறக்குறதுக்கு முன்னாடி பிள்ளைங்க எல்லாம் அதைச் சொல்லிட்டுத்தான் தொறக்கணும்னு சொல்லிட்டேன். அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம்."

அடியாத்தீ! ஒரு வகுப்புப் பிள்ளைகள் கையைக் கூப்பிக்கொண்டு என் மாமனார் வீட்டு விலாசத்தை ஒப்பிக்கப்போகிறார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எம், அது சாமி பேரு இல்லை" என்றேன். "எங்க பேரு. எங்க வீட்டுப் பேரு. நாங்க குடுத்ததுன்னு தெரியணும்னு நான்தான் குத்தினேன். அன்னைக்கு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் நோட்டை மூடினாள். "எல்லாத்துலயுமா?" என்றாள்.

"எல்லாத்துலயும்."

"மத்த வீட்டுக்காரங்க குடுத்த புத்தகத்துலயும்?"

அதைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அதுலயும்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அந்த நகத்தளவு துண்டுகளைக் கையால் ஒதுக்கி ஒரு பக்கமாகக் குவித்தாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபமே இல்லை, பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"பேருதானா? அப்ப மூடிடலாமே ச்சி."

போனை எடுத்து அண்ணியிடம் பேசினாள். கெமர் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. நடுவில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். வைத்த பிறகு, என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன்" என்றாள். பசைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பெரிய துண்டுகளாகத் தாள் வெட்ட ஆரம்பித்தாள்.

முதல் துண்டை நான்தான் ஒட்டினேன். ஒட்டி முடித்து அடுத்த பக்கம் திருப்புவதற்குள், ஈரத்தில் ஊதா மை தாளுக்கு மேலே ஊறி வந்துவிட்டது. அவள் எழுதிய அழகான எழுத்துக்கு நடுவே ‘உபயம்’ கலங்கலாக எழுந்து நின்றது. அந்தத் துண்டைப் பிய்த்துவிட்டு, முதலில் வெறும் வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டி, அது காய்ந்த பிறகு அதன்மேல் அவள் எழுத்தை ஒட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு வேலை. குத்துகிறபோது டக் டக்கென்று எத்தனை சுலபமாக இருந்தது!

நாலு நாள் இருந்தது. காலையில் போனால் இருட்டுகிற வரைக்கும் அங்கேயேதான். அவுகளையும் இழுத்துக்கொண்டு போனேன். கீழே உட்கார முட்டி மடங்காது என்றார்கள். நின்றுகொண்டே வெட்டுங்கள் என்றேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வெட்டினார்கள். அவள் எழுத, அவுக வெட்ட, நான் என் பேரை மூட. சந்துப் பொம்பளைகள் இரண்டு பேர் வந்து காற்றாடிக்கு முன்னால் புத்தகங்களைப் பிடித்துக் காயவைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, என்ன மூடுகிறீர்கள் என்று கேட்டாள். "பிழை" என்று, எழுதிக்கொண்டிருந்தவள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் லாரி வந்தது. மிச்சத்தை நான் பிறகு அனுப்புகிறேன், இன்னொரு லாரி நானே பிடிக்கிறேன் என்றேன். அனுப்பவும் செய்தேன், அடுத்த மாதமே. ஆனால் ஹெட்மாஸ்டர் சொன்னது பள்ளி திறக்கிற நாளைக்குத்தானே. அன்றைக்கு முடிந்திருந்தது மூன்று அலமாரிக்கு மட்டும். என் முதல் பெட்டி ஒரு அலமாரி, அவள் எறும்பெழுத்தில் முடித்ததும் நாங்கள் மூடி ஒட்டியதும் சேர்த்து இரண்டு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன அன்றே வாயைத் திறந்திருந்தால் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆறும் நிரம்பியிருக்கும். இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

சென்னைக்கார அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "புத்தகமெல்லாம் போய்ச் சேந்துச்சா ஆச்சி?" என்று கேட்பார். "சேந்துருச்சுங்க" என்பேன். இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பள்ளி திறந்த அன்று அண்ணி அனுப்பிய படத்தை அவள் போனில் காட்டினாள். காட்டும்போது அவளுக்கு அவ்வளவு பூரிப்பு. சின்ன அறை. இந்தப் பாதியில் மூன்று அலமாரி, தரையில் பாய், பாயில் பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை விரலை வைத்து, நாங்கள் ஒட்டிய துண்டில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறது. பாய் எல்லாருக்கும் போதவில்லை, கதவுக்கு வெளியே கொஞ்சம் பிள்ளைகள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பாதியில், கூரை வரைக்கும் உர மூட்டைகள்.

"பாத்தீங்களா ச்சி, எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள். நான் போனைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் அந்த மூட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பாதிதான் எங்கள் வீட்டு உபயம்.